துடுப்பு போட ஓர் ஆறு வேண்டும்

பாகலூரில் ஒருவன் காரின் தலையில் கயாக்கைக் கட்டிக்கொண்டு போனால் டீக்கடை மொத்தமும் திரும்பிப் பார்க்கும். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வருவது ஒரே கேள்விதான்: "எந்தத் தண்ணிக்கு?" நியாயமான கேள்வி. ஊருக்குப் பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது. நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஒசகோட்டை வழியாக பெங்களூரின் கிழக்கு விளிம்பைத் தொட்டு, கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற தென்பெண்ணை. ஆனால் அதில் படகு இறக்க மனம் வராது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டி வரும் கழிவுநீர் இதில்தான் சேர்கிறது. சோப்பும் சலவைத்தூளும் சரியாகச் சிதையாமல் தண்ணீரிலேயே தங்கிவிடுகின்றன. கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்ததும் தண்ணீர் விழுந்து அடிபடுகிறது. அடிபட்ட இடத்தில் நுரை கிளம்புகிறது. மழை நாளில் தட்டிகானப்பள்ளித் தரைப்பாலம் நுரையில் மறைந்து கிடப்பதை டிவியில் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல பனி பெய்யுதாமே" என்று கேட்ட உறவினர்கள் எனக்கு உண்டு.

எனவே நான் துடுப்பு பழகியது ஆற்றில் இல்லை, ஒரு ரோஜாத் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில். எங்கள் பக்கத்தில் பாலிஹவுஸ் வைத்திருப்பவர்கள் கூரையில் விழும் மழையைக் குட்டையில் பிடித்து வைப்பார்கள். அடியில் கறுப்புத் தார்ப்பாய் போன்ற கனத்த ஷீட் விரித்திருக்கும். அந்தக் குட்டையில் நாலு இழுப்பு இழுத்தால் எதிர்க்கரை வந்துவிடும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். பழைய சைக்கிள் டியூப்களை முடிந்து, ஒரு முனையைக் கரையில் அடித்த முளையிலும் மறுமுனையைப் படகின் வாலிலும் கட்டினோம். இப்போது எவ்வளவு இழுத்தாலும் படகு நின்ற இடத்திலேயே நிற்கும். ஷிப்ட் முடிந்து வந்து, வெளிச்சம் இருக்கும்வரை, எங்கும் போகாமல் துடுப்பு போடுவேன். தோட்டத்துக்காரர் முதலில் சிரித்தார். பிறகு அவர் மகனும் வந்து உட்கார ஆரம்பித்தான்.

அந்த டியூப்பைவிடக் கண்டிப்பான வாத்தியாரை நான் பார்த்ததில்லை. வலது கை ஓங்கினால் படகின் மூக்கு இடப்பக்கம் ஓடும். ஓடும் ஆற்றில் இது தெரியவே தெரியாது. காற்று, சுழி என்று ஏதாவது ஒன்றின் மேல் பழியைப் போட்டுவிடலாம். இங்கே பழி போட ஆள் இல்லை. ஓர் இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் சோம்பினால் டியூப் படகைப் பின்னால் இழுத்துவிடும், அந்த இழுப்பு இடுப்பில் தெரியும். ஒரு விஷயம், இந்த மாதிரிக் குட்டையில் இறங்க நினைப்பவர்களுக்கு: ஷீட் போட்ட சரிவில் ஈரக்காலோடு ஏறவே முடியாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே கரைக்கு ஒரு முழம் தள்ளி மூழ்கியிருக்கிறார்கள். நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்கவிட்டு, லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்ட பிறகுதான் படகைத் தொட வேண்டும்.

துடுப்பு என்றால் கைவேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் தோளைத் தட்டிப் பார்க்கிறார்கள், ஏமாந்து போகிறார்கள். கையால் இழுத்தால் ஒரு மணி நேரம் தாங்கும். பிளேடைக் கால்விரலுக்கு நேரே, படகை ஒட்டி, முழுதாக முக்கவேண்டும். அதே பக்கத்துக் காலால் மிதிகட்டையை அழுத்தவேண்டும். இடுப்பு திரும்ப, முதுகு திரும்ப, கை அதன் பின்னால் கயிறு போல வரவேண்டும். இடுப்புக்கு நேரே பிளேடு வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் பின்னால் இழுத்தால் தண்ணீரை மேலே தூக்குகிறோம் என்றுதான் பொருள். படகு ஓர் அங்குலம்கூட முன்னே போகாது. பிடியைத் தளர்த்தித்தான் பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடிப்பவனுக்கு உள்ளங்கையில் கொப்புளம் முதலில் வரும், முழங்கை வலி பிறகு வரும். உண்மையில் உடம்பில் முதலில் கைவிடுவது தோள் அல்ல, உட்காரும் இடம். நீண்ட தூரத் துடுப்புக்காரர்கள் கூடும் இடத்தில் பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றித்தான் இருக்கும். நாகரிகம் கருதி எழுதுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

ஓடும் தண்ணீரை எனக்குக் காட்டியவர் ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளும் ஒரு பெரியவர். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒற்றைத் துடுப்பை முன்னால் வைத்துத் தண்ணீரைத் தன் பக்கம் வாரி வாரித்தான் நகர்த்துவார். ஒரு கணம் கவனம் தப்பினால் வட்டமடிக்கும். கயாக் நேராகப் போகச் செய்யப்பட்டது, அதனால் தப்பை மறைத்துவிடும். பரிசல் எதையும் மறைக்காது. "தண்ணி எங்க சும்மா இருக்குதுன்னு பாரு தம்பி. ஓடுற தண்ணிய யாரும் பாப்பாங்க" என்றார். பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கித் திரும்பும் இடம், வளைவின் உட்பக்கத்து மந்தம், இரண்டு ஓட்டங்கள் உரசும் கோடு, இவற்றையெல்லாம் அவர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதை வைத்தே பழகினேன். வளைவில் ஆழமும் வேகமும் வெளிப்பக்கம் இருக்கும், மணல் உட்பக்கம் படியும். வேகம் வேண்டுமென்றால் வெளிப்பக்கம். ஆனால் சாய்ந்த மரமும் சிக்கிய கிளையும் அங்கேதான் இருக்கும். கிளைக்குள் தண்ணீர் போகும், மனிதன் போகமாட்டான்.

இதையெல்லாம் பழகி எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பதில், வேடிக்கையாக, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கே மர்ரே என்றொரு பேராறு. நீளம் 2,508 கிலோமீட்டர். அதில் யாராவங்கா என்ற ஊரிலிருந்து ஸ்வான் ஹில் வரை 404 கிலோமீட்டரை ஐந்து நாளில் துடுப்பு போட்டுக் கடக்கும் போட்டி 1969 முதல் நடக்கிறது. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி திரட்டத் தொடங்கியது. பல வருடங்கள் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில், அவர்களுடைய கோடை வெயிலில், இதை நடத்தினார்கள். நண்பர்களிடமும் அலுவலகத்திலும் தூரத்துக்கு இவ்வளவு என்று முன்பே வாக்கு வாங்கிக்கொண்டு படகில் ஏறுவார்கள். இந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு உறைத்தது வேறு. தென்பெண்ணையின் மொத்த நீளமே 432 கிலோமீட்டர்தான்; கர்நாடகத்தில் 112, மீதி 320 நம்முடையது. அவர்கள் ஐந்து நாளில் போகும் தூரத்துக்கும் எங்கள் ஆறு முழுவதற்கும் இருபத்தெட்டு கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

தர்மத்துக்காகத் துடுப்பு போடுவது என்ற எண்ணத்தின் மேல் எனக்கு வெகுநாள் சந்தேகம் இருந்தது. பணம் கொடுக்கிறவர் நேராகக் கொடுத்துவிட்டுப் போகலாமே, நான் எதற்கு நடுவில் வியர்க்க வேண்டும்? ஆனால் காவடியும் பாதயாத்திரையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஒருவர் உடம்பை வருத்துவதைப் பார்த்தால் நம் கை பைக்குள் போகிறது. இங்கிலாந்தில் டெவைஸஸ் என்ற ஊரிலிருந்து லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் வரை 201 கிலோமீட்டர் போட்டி ஈஸ்டர் நாட்களில் நடக்கும், 1948 முதல். வழியில் 77 இடங்களில் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையில் ஓடவேண்டும். வேண்டுதலுக்கு வருபவர்களைப் போலத்தான் இருப்பார்கள் அதை முடிப்பவர்கள். அவர்களில் பலர் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பணம் திரட்டித்தான் படகில் ஏறுகிறார்கள்.

என் ஊருக்கு ரொம்ப நெருக்கமாகப் பட்டது தென்னாப்பிரிக்காவின் டூசி ஆற்றுப் போட்டி. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை, சுமார் 120 கிலோமீட்டர். 1951இல் முதல் போட்டியில் எட்டுப் பேர் கிளம்பினார்கள். ஆறு நாள் கழித்து முடித்தவர் இயன் பிளேயர் ஒருவர்தான், அதுவும் வழியில் பாம்பு கடித்த கையோடு. பின்னாளில் வெள்ளைக் காண்டாமிருகத்தைக் காப்பாற்றியவர்களில் முதல் வரிசையில் அவர் பெயர் வந்தது. அந்த ஆற்றில் இன்று நகரத்துக் கழிவுநீர் கலக்கிறது. போட்டி முடிந்த வாரம் வயிற்றுப்போக்கில் படுப்பது டூசிக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். போட்டிக்கு முன் ஆற்றின் கிருமி அளவைப் பரிசோதித்துப் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். ஆயிரம் பேர் வாயில் அந்தத் தண்ணீர் தெறிக்கிறது என்பதால்தான் இந்தச் சண்டை. கெலவரப்பள்ளித் தண்ணீர் யார் வாயிலும் தெறிப்பதில்லை. வாய்க்கால் வழியாக வயலுக்குப் போய்விடுகிறது.

கடைசியில் நான் போனது கேரளத்துச் சாலியாற்றுக்கு. கோழிக்கோட்டு ஜெல்லிஃபிஷ் வாட்டர்ஸ்போர்ட்ஸ் நடத்தும் துடுப்புப் பயணம். நிலம்பூரிலிருந்து பேப்பூர் கடல்முகம் வரை 68 கிலோமீட்டர், மூன்று நாள். போட்டி என்று சொல்லமுடியாது, முதலில் வந்தவருக்குக் கோப்பை கிடையாது. கயாக், நின்றபடி துடுப்பிடும் பலகை, நாட்டுப்படகு எல்லாம் சேர்ந்து போகும். வழியில் மிதக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக்கொண்டே போகவேண்டும். நன்கொடை யாருக்கு என்று தேடவேண்டியதில்லை, வாங்கிக்கொள்வது ஆறேதான்.

நிலம்பூர் தேக்குக்குப் பெயர்போனது. 1840களில் கலெக்டர் கனோலி போட்ட தேக்குத் தோப்பு இன்றும் நிற்கிறது. அந்த மரங்களைக் கட்டி மிதக்கவிட்டுக் கடற்கரைக்குக் கொண்டுபோன பாதையில்தான் நாங்களும் போனோம். கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாறும் புன்னம்புழாவாகி இந்த ஆற்றில்தான் சேர்கிறது, ஆக அதில் கொஞ்சம் தமிழ்நாட்டுத் தண்ணீரும் உண்டு. 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவில் போனவர்களின் உடல்களை நிலம்பூருக்கு மேலே, போத்துக்கல் பக்கம், இதே ஆற்றில்தான் தேடி எடுத்தார்கள். அந்தப் பேச்சு வந்தால் உள்ளூர்க்காரர்கள் மேலே எதுவும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

குப்பை பொறுக்குவது கேட்பதற்கு எளிது. முதல் விதி, கிளையில் சிக்கிய குப்பையை நோக்கி மேலிருந்து போகக்கூடாது. ஓட்டம் படகைக் கிளைமேல் பக்கவாட்டில் அழுத்திவிடும். தாண்டிப் போய், கீழே திரும்பி, எதிர்நீச்சலில் மெல்ல ஏறி, மூக்கை நீரோட்டத்துக்கு நேராக வைத்துக்கொண்டு ஒரு கையால் எடுக்கவேண்டும். இன்னொரு கையில் துடுப்பு தண்ணீருக்குள் ஊன்றியபடி இருக்கவேண்டும். சாக்கைப் பின்னால் கட்டினால் வால் தாழ்ந்து மூக்கு காற்றில் அலையும். கால்களுக்கு நடுவில்தான் வைக்கவேண்டும். பாட்டில் தொல்லையில்லை. கடுப்பேற்றுவது மெல்லிய கேரிபேக். வேரைச் சுற்றி, மண்ணை நிரப்பிக்கொண்டு, இழுத்தால் துண்டு துண்டாக வரும். ஒரு வேர்க்கட்டில் பால் பாக்கெட், செருப்பு, மாத்திரை அட்டை, யாரோ குழந்தையின் லன்ச் டப்பா மூடி எல்லாம் அடுக்கடுக்காக இருந்தன, மேலே போன வருடத்தது, அடியில் எப்போதையதோ. எடவண்ணாவும் அரீக்கோடும் தாண்டுவதற்குள் என் துடுப்பு வேகம் பாதியாகிவிட்டது. ஆனால் ஆற்றின் கரையை அவ்வளவு கிட்டத்தில் வேறெந்த வழியிலும் பார்த்திருக்க மாட்டேன்.

சாப்பாட்டுக்கு மற்றவர்கள் பளபளக்கும் ஜெல் பாக்கெட் வைத்திருந்தார்கள். நான் மோர் விட்டுக் கரைத்த ராகிக் கூழை அகலவாய் பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். வெயிலில் லேசாகப் புளிக்கும், அதுவே ருசி. எங்கள் ஊர்க்காரன் இதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாதுதான்.

மாவூர் வந்தபோது துடுப்பை மடியில் வைத்தேன். இங்கேதான் குவாலியர் ரேயான்ஸ் ஆலை இருந்தது. 1963இல் மூங்கிலிலிருந்து கூழ் எடுக்கத் தொடங்கியது. அடுத்த முப்பது சொச்சம் வருடம் அதன் கழிவு இந்த ஆற்றில் விழுந்தது. மீன் செத்தது, எதிர்க்கரை வாழக்காட்டில் புற்றுநோய் பெருகியதாக மக்கள் சொன்னார்கள். போராட்டத்தை முன்னின்று நடத்திய கே.ஏ. ரகுமானே 1999 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். அந்த வருடமே உற்பத்தி நின்றது, 2001இல் ஆலையை முறைப்படி மூடினார்கள். இன்று அந்த இடத்தில் கையை விட்டால் விரல் தெரியும் தண்ணீர். இதில் எனக்கு முழுச் சந்தோஷம் வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நான் சிப்காட் தொழிற்பேட்டையில் சம்பளம் வாங்குகிறவன். ஆலை மூடியதும் அங்கே வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில். கழிவைச் சுத்தம் செய்துவிட்டு ஆலையும் ஓடியிருக்க முடியும் என்பதுதான் என் தொழில்புத்தி சொல்வது. அதற்கான செலவைத் தவிர்த்ததன் விலையை ஆறும் கொடுத்தது, தொழிலாளியும் கொடுத்தான்.

ஊர்க்கடவில் ரெகுலேட்டர் பாலம் இருக்கிறது, கடல் உப்பு மேலே ஏறாமல் தடுக்க. அதற்கு மேலே தண்ணீர் குளம்போல நிற்கும், ஓட்டத்தின் உதவி இல்லை; குட்டையில் டியூப்போடு பழகியவனுக்கு அது சொந்த ஊர். அதற்குக் கீழே ஆறு கடலுக்குக் கட்டுப்பட்டது. வற்றத்தோடு போனால் பறக்கலாம், ஏற்றத்தோடு மோதினால் கரை நகராது. இங்கே பலத்தைவிட கடிகாரம் முக்கியம். எதிர்க்காற்றில் முன்னால் போகும் படகின் வாலலையில் மூக்கை ஏற்றிக்கொண்டால் உழைப்பு கணிசமாகக் குறையும். முறைவைத்து முன்னால் போகவேண்டும், ஓசியிலேயே வருகிறவனை எல்லோருக்கும் தெரிந்துவிடும். பேப்பூரில் உரு என்ற மரக்கப்பல் கட்டும் இடத்தைத் தாண்டியதும் அலை மாறியது, உதட்டில் உப்பு.

கம்பெனியில் என் ஷிப்ட் ஆட்கள், பொறுக்கும் குப்பையில் கிலோவுக்கு இவ்வளவு என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். பணம் எங்கள் பக்கத்து அரசுப் பள்ளியின் குடிநீர்த் தொட்டிக்கு. திரும்பி வந்து எடையைச் சொன்னதும் குவாலிட்டிக்காரர் ஒருவர் எழுந்தார்: "ஈர எடையா, காய்ந்த எடையா?" அரை மணி நேரம் வாதம். சேறு கழித்த எடைதான் செல்லும் என்று தீர்ப்பானது. தீர்ப்புச் சொன்னவரே பணம் கொடுக்கும்போது ஈர எடைக்குக் கொடுத்தார்.

அப்போதிலிருந்து எல்லோரும் கேட்பது, நம் ஆற்றில் எப்போது? உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தேன். கொடியாளத்திலிருந்து கெலவரப்பள்ளி வரை பேச்சே இல்லை. கிருஷ்ணகிரி அணையிலும் சாத்தனூர் அணையிலும் அனுமதி வாங்கவேண்டும், சாத்தனூரில் முதலைப் பண்ணை வேறு இருக்கிறது. அணைகளுக்கு இடையில் வருடத்தில் பெரும்பகுதி பாறையும் மணலும்தான். வெள்ளம் வந்தால் வேறு கதை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். அந்த ஆற்றில் பரிசல்காரரே இறங்கமாட்டார்.

மிஞ்சுவது சாத்தனூருக்குக் கீழே, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை மாதத்தில் சில வாரங்கள். தை ஐந்தாம் நாள் மணலூர்ப்பேட்டையில் அண்ணாமலையார் தீர்த்தவாரி, கடலூர் வரைக்கும் கரையெங்கும் ஆற்றுத் திருவிழா. தண்ணீர் தெளிந்திருக்கும், மக்கள் கண் ஆற்றின் மேலேயே இருக்கும், கேரிபேக்குக்கும் பஞ்சம் இருக்காது. திருவிழா முடிந்த மறுநாள் மணலூர்ப்பேட்டையில் படகை இறக்கலாம். திருக்கோவிலூர் அணைக்கட்டில் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். அணைக்கட்டின் அடியில் தண்ணீர் பார்க்கச் சாதுவாக இருக்கும். விழுந்த நீர் கீழே போய் மேலே திரும்பி, விழுந்தவரை வெளியே விடாமல் அதே இடத்தில் சுற்றும். ஆகவே அரை ஆள் உயரச் சுவரானாலும் இறங்கித்தான் போகவேண்டும். 2021இல் உடைந்த தளவானூர்த் தடுப்பணைப் பக்கம் கம்பியும் கான்கிரீட்டும் எங்கே கிடக்கின்றன என்று முன்பே நடந்து பார்க்கவேண்டும். மணல் அள்ளிய பள்ளங்களில் ஓட்டம் செத்துவிடும், சில இடங்களில் படகை இழுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடக்கவேண்டியிருக்கும்.

இந்தத் திட்டத்தைக் கேண்டீனில் சொன்னதும் வாக்குக் கொடுக்க ஆட்கள் தயார். இந்த முறை கிலோவுக்கும் உண்டு, கிலோமீட்டருக்கும் உண்டு. குவாலிட்டிக்காரர் மட்டும் படகைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரத்துக்குக் காசு கிடையாது என்கிறார். டெவைஸஸில் அதையும் சேர்த்துத்தான் 201 என்று சொல்லியிருக்கிறேன். எழுத்தில் காட்டச் சொல்கிறார்.